கேட் திறந்திருந்தாலும் நின்று பாருங்கள்

2025 ஜூலை 8 அன்று காலை, கடலூர் அருகே செம்மங்குப்பத்தில் ரயில்வே கேட்டைக் கடந்த பள்ளி வேன் மீது விழுப்புரம் – மயிலாடுதுறை பாசஞ்சர் ரயில் மோதியது. பள்ளிக்குப் புறப்பட்ட மூன்று பிள்ளைகள் வீடு திரும்பவில்லை. அது ஆளில்லாத கேட் அல்ல. கேட் கீப்பர் இருந்தும் விபத்து நடந்தது. பின்னர் அவர் கைது செய்யப்பட்டார்.

கேட் திறந்திருந்தால் ரயில் வராது என்றுதான் நாம் எல்லோரும் நம்புகிறோம். இது பாதிதான் உண்மை. சில கேட்டுகள் சிக்னலோடு இணைக்கப்பட்டவை. அங்கே கேட்டை மூடிப் பூட்டினால்தான் ரயிலுக்குப் பச்சை விளக்கு எரியும். இல்லாவிட்டால் ரயில் சிக்னலிலேயே நிற்க வேண்டியதுதான். வேறு சில கேட்டுகளுக்கு அந்த இணைப்பு கிடையாது. ஸ்டேஷன் மாஸ்டர் தொலைபேசியில் சொல்வார், கேட் கீப்பர் மூடிவிட்டதாகப் பதில் சொல்வார், அதை நம்பி ரயிலை அனுப்புவார்கள். இருவரில் ஒருவர் அயர்ந்தாலும் தடுத்து நிறுத்த இயந்திரம் எதுவும் இல்லை. செம்மங்குப்பம் கேட் இந்த இரண்டாவது வகை. விபத்துக்குப் பிறகு, இன்னும் பல கேட்டுகளைச் சிக்னலோடு இணைக்கும்படி ரயில்வே விதியைத் தளர்த்தியது. ஆனால் சாலையில் நிற்கும் நமக்கு எது எந்த வகை என்று பார்த்தவுடன் தெரியாது.

ஆகவே திறந்த கேட்டிலும் வண்டியை நிறுத்தி, பாட்டை அணைத்து, கண்ணாடியை இறக்கி, இரு பக்கமும் பார்த்த பிறகே கடக்க வேண்டும். 2018 ஏப்ரலில் உத்தரப் பிரதேசம் குஷிநகரில் பள்ளி வேன் மீது ரயில் மோதி 13 குழந்தைகள் இறந்தபோது, ஓட்டுநர் காதில் இயர்போன் மாட்டியிருந்ததாகச் சொல்லப்பட்டது. அது ஆளில்லாத கேட். அகலப் பாதைகளில் அத்தகைய கேட்டுகள் எல்லாம் 2019 ஜனவரிக்குள் அகற்றப்பட்டுவிட்டன. இயர்போன் மட்டும் போகவில்லை!

மூடிய கேட்டில் நாம் செய்வது இன்னும் மோசம். பைக்கைச் சாய்த்துக் குனிந்து நுழைகிறோம். 'ரயில் தூரத்தில்தானே வருகிறது' என்கிறோம். பெரிய பொருள் மெதுவாக வருவதுபோலத் தோன்றுவது கண்ணின் ஏமாற்று. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயில் ஒரு விநாடியில் 28 மீட்டர் கடக்கும். பிரேக் போட்டாலும் நிற்க ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் ஆகலாம். ரயில் பெட்டி தண்டவாளத்துக்கு வெளியே முக்கால் மீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். இரட்டைப் பாதையில் ஒரு ரயில் போனதும் ஓடக்கூடாது. அதன் மறைவில் எதிர்த்திசையில் இன்னொன்று வரலாம். மதரஸாவுக்குச் சைக்கிளில் போகிறவர்கள் இறங்கி உருட்டிச் செல்லட்டும். தண்டவாள இடுக்கில் சக்கரம் மாட்டிக்கொள்ளும்.

ஜும்ஆவுக்கு நேரமாகிவிட்டது என்று ஹாரன் அடித்து, கேட் கீப்பரோடு சண்டை போடுகிறவர்களையும் பார்க்கிறோம். அவர் நமக்காகக் கேட்டைத் திறப்பது சலுகை அல்ல, ஆபத்து. மூடிய கேட்டை நாமே திறந்தால் ரயில்வே சட்டம் 160-வது பிரிவின்படி மூன்று ஆண்டு வரையும், உடைத்தால் ஐந்து ஆண்டு வரையும் சிறைத் தண்டனை உண்டு.

வண்டி தண்டவாளத்தில் நின்றுவிட்டால் அதைத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். முதலில் பிள்ளைகளை இறக்குங்கள், ஒருவர் கேட் கீப்பரிடம் ஓடட்டும். ரயில் கண்ணில் பட்டுவிட்டால் தண்டவாளத்தைவிட்டு விலகி, ரயில் வரும் திசைப் பக்கமாகச் சாய்வாக ஓட வேண்டும். மோதலில் சிதறும் பாகங்கள் ரயில் போகும் திசையில்தான் பறக்கும்.

உங்கள் பிள்ளையின் வேன் ஓட்டுநர் கேட்டில் நிறுத்திப் பார்க்கிறாரா என்று ஒருநாள் கூடவே போய்ப் பாருங்கள். அந்த கேட்டின் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ரயில் வரும் நேரத்தில் கேட் திறந்து கிடப்பதைக் கண்டால், அந்த எண்ணைச் சொல்லி 139-க்கு அழைத்துப் புகார் கொடுக்கலாம்.