நெய்வேலியும் விருத்தாசலமும்

மணிமுத்தாற்றின் கரையில் அமைந்த பழம்பதி விருத்தாசலம். அதற்குக் கிழக்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது நெய்வேலி. முன்னது பீங்கான் தொழிலுக்கும், பின்னது பழுப்பு நிலக்கரிக்கும் பெயர் பெற்றவை. இவ்விரண்டு ஊர்களையும் இணைத்து நோக்கினால், பெருந்தொழில் ஒன்று எழும்போது அதன் அண்டை ஊர்கள் அடையும் நன்மையும் தீமையும் நன்கு விளங்கும்.

1935-ஆம் ஆண்டளவில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் என்பார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது, நீருடன் கரிய பொருளும் வெளிப்பட்டது. பின்னர் நிகழ்ந்த ஆராய்ச்சிகள் நிலத்தடியில் பழுப்பு நிலக்கரி பரந்து கிடப்பதை உணர்த்தின. 1956-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் தோன்றியது. 1957-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். சோவியத் நாட்டின் துணையுடன் அமைந்த முதல் அனல்மின் நிலையம் 1962-ஆம் ஆண்டில் மின்னாற்றல் வழங்கத் தொடங்கியது. நெடுங்காலம் உழைத்த அந்நிலையம் 2020-ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றது. அதன்பின் வந்த நிலையங்கள் அப்பணியைத் தொடர்கின்றன.

பெருங்கட்டுமானம் நிகழும் இடத்தில் ஆயிரக்கணக்கானோர் வேலைக்குத் திரளுவர், கடைகள் பெருகும், வாடகையும் பண்டங்களின் விலையும் ஏறும். கட்டுமானம் முடிந்ததும் கூலியாட்களுள் பலர் வேலையிழந்து வேற்றூர் செல்வர். ஆதலின், பணி நடக்கும் காலத்திலேயே, அது முடிந்தபின் நிலைத்து நிற்கும் தொழில்களுக்கும் வழிகாணுதல் வேண்டும்.

அத்தகைய வழி ஒன்று நெய்வேலிச் சுரங்கத்திலேயே கிடைத்தது. நிலக்கரியை அடைய அதன் மேலுள்ள மண்ணை அகற்றுதல் வேண்டும். அவ்வாறு அகற்றப்படும் மண்ணிடையே பீங்கானுக்கு உகந்த வெண்களிமண்ணும் உண்டு. விருத்தாசலத்தில் அரசு பீங்கான் தொழிற்பேட்டையையும் பயிற்சி நிலையத்தையும் அமைத்தது. அங்குக் குழைத்த களிமண்ணைச் சாந்து அச்சுகளில் வார்த்து, உலர்த்தி, மெருகுப் பூச்சிட்டுச் சூளையில் சுடுகின்றனர். கோப்பைகளும் பொம்மைகளும் மின்காப்புப் பொருள்களும் இவ்வாறு உருவாகின்றன. சுரங்கத்திற்குத் தடையாகக் கிடந்த மண், சிறு தொழிலாளரின் கைகளில் பொருளாயிற்று. எரிபொருளின் விலையேற்றமும் வெளியூர்ப் பண்டங்களின் போட்டியும் இத்தொழிலை வருத்துவது உண்மையே. ஆயினும் கைத்திறனைக் கற்றவருக்கு அது என்றும் துணையாகும்.

எனினும், நாட்டுக்கு ஒளி தரும் விளக்கின் அடியில் இருள் நிற்பதும் உண்டு. சுரங்கத்திற்காக நிலத்தையும் வீட்டையும் விட்டுச் சென்ற குடும்பங்கள் பல. சுரங்கத்தினுள் நீர் பொங்கி எழாதிருக்க நிலத்தடி நீரை இடைவிடாது இறைக்கின்றனர். அதனால் சுற்றுப்புறத்தில் நீர்மட்டம் தாழ்ந்தது. இறைத்த நீரில் ஒரு பகுதி வாலாஜா ஏரிக்குச் சென்று வயல்களுக்குப் பாய்கிறது. ஒரு கிணற்றின் இழப்பு மற்றொரு வயலின் பயனாகிறது. இழந்தவரும் பயன்பெறுபவரும் ஒருவரல்லர் என்பதை மறத்தலாகாது.

2023-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் வளையமாதேவியில், நின்ற நெற்பயிரை அழித்துக் கால்வாய் வெட்டியபோது உழவர் மனம் கொதித்தனர். நிலத்திற்கு முன்பே விலை தரப்பட்டது என்றது நிறுவனம். பயிர் அறுவடையாகும் வரை பொறுத்தலாகாதா என்றனர் உழவர். வழக்கு உயர்நீதிமன்றம் சென்றது. பயிரிழப்புக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் வழங்குமாறு நீதிமன்றம் பணித்தது.

மின்னாற்றல் நாட்டுக்கு இன்றியமையாதது; அதற்கு இடமளிப்பவர் வாழ்வும் அத்தகையதே. உரிய இழப்பீடு, நிலையான வேலை, புதுத் தொழிற்பயிற்சி, நீர்வளப் பாதுகாப்பு ஆகிய நான்கும் பணி தொடங்குமுன்பே வகுக்கப்படின், விளக்கின் ஒளி அதன் அடியிலும் பரவும்.