கொரங்காட்டில் மேச்சேரி ஆடு: புதிதாகத் தொடங்குவோருக்கு ஆறு படிகள்

காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் பக்கம் வீட்டில் ஒருவர் பனியன் கம்பெனிக்குப் போக, இன்னொருவர் செம்மறி பார்த்துக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. கொரங்காடு, அதாவது உயிர்வேலி அடைத்த மேய்ச்சல் காடு, கையில் இருந்தால் நீங்களும் தொடங்கலாம்.

1. முதலில் காடு. கிளுவை வேலியில் சந்து இருந்தால் அடையுங்கள். கொழுக்கட்டைப்புல் எவ்வளவு நிற்கிறதோ, அதற்குத் தக்கபடிதான் ஆடு வாங்க வேண்டும். காட்டைப் பிரித்து மாற்றி மாற்றி மேய விடுங்கள். மழை பெய்து புல் துளிர்த்ததுமே ஆட்டை உள்ளே விடாதீர்கள். கதிர் முற்றி விதை கொட்டினால்தான் அடுத்த வருடமும் புல் அடர்ந்து வரும்.

2. ஆடு தேர்வு. வெளிர் பழுப்பு நிறம், குட்டை வால், கொம்பில்லாத தலை: இதுதான் மேச்சேரிச் செம்மறி. உடம்பில் கம்பளி கிடையாது, எனவே கத்தரிக்கும் வேலையும் இல்லை. பல்லைப் பார்த்து இளம் பெட்டைகளாக வாங்குங்கள். இருபத்தைந்து பெட்டைக்கு ஒரு கிடா போதும். இரண்டு வருடத்தில் கிடாவை மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் அது தன் குட்டிகளோடே சேரும். சேலம் மாவட்டம் பொட்டனேரியில் இந்த இனத்துக்கென்றே ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நல்ல கிடாவுக்கு அங்கே விசாரிக்கலாம்.

3. பட்டி. மேட்டு நிலத்தில், ஆடு ஒன்றுக்கு 10 சதுர அடி வீதம் இடம் விடுங்கள். இந்தப் பகுதியில் இன்றைக்குப் பெரிய எதிரி தெருநாய். இரவில் வலைக்கம்பி அடித்த பட்டிக்குள் அடைப்பது கட்டாயம். கம்பியின் அடிப்பக்கத்தை மண்ணில் புதையுங்கள்.

4. தீனி, தண்ணீர். கோடையில் வெள்வேலங்காய், சோளத்தட்டு, கடலைக்கொடி கைகொடுக்கும். அரிசி, சோளம் போன்ற தானியத்தை ஒரேயடியாக வைத்தால் வயிறு உப்பி ஆடு சாகும். சாயக்கழிவு கலந்த தண்ணீரைக் காட்டவே கூடாது. ரோட்டோரம் கொட்டிக் கிடக்கும் பனியன் கட்டிங் வேஸ்ட், பாலித்தீன் பை பக்கமும் விடாதீர்கள். தின்றால் செரிக்காமல் வயிற்றிலேயே தங்கிவிடும்.

5. குட்டி. சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள். குட்டி விழுந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வேண்டும். தொப்புளில் டிஞ்சர் அயோடின் தடவுங்கள்.

6. மருந்து. கட்டைவிரலால் கீழ் இமையை இறக்கிப் பாருங்கள். உள்ளே சிவப்பாக இருந்தால் சரி. வெளுத்திருந்தாலோ தாடைக்கு அடியில் நீர் கோத்துத் தொங்கினாலோ, பெரும்பாலும் குடற்புழுதான் ரத்தத்தை உறிஞ்சுகிறது. மருந்தை ஆட்டின் எடைக்கு ஏற்பக் கொடுங்கள். மழைக்கு முன்பே துள்ளுமாரித் தடுப்பூசி போட்டுவிடுங்கள். மழைக்குப் பின் வரும் இளம்புல்லை வயிறு முட்ட மேயும் கொழுத்த ஆட்டைத்தான் அந்த நோய் முதலில் தூக்கும். ஆட்டுக்கொல்லி நோய்க்கான ஊசியைக் குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் போடலாம்.

கடைசியாக ஒன்று: மழை பொய்த்த வருடம் விலை ஏறட்டும் என்று காத்திருக்காதீர்கள். புல் தீரும் முன்பே கிடாக்குட்டிகளை விற்று மந்தையைக் குறையுங்கள். மெலிந்த ஆட்டுக்குச் சந்தையில் விலை கிடைக்காது.