ஃபேன் சுற்றுகிறதே, அப்புறம் என்ன?

கம்ப்யூட்டர் வேலையின் நடுவே சட்டென்று அணைந்து, தானாக மறுபடி எழுந்தால் சந்தேகம் முதலில் எஸ்.எம்.பி.எஸ். என்ற மின்சாரப் பெட்டி மேல்தான் விழும். பெட்டியைக் கழற்றி, 24 முனை கனெக்டரில் பச்சை வயரையும் ஒரு கறுப்பு வயரையும் சின்னக் கம்பியால் இணைப்பார்கள். ஃபேன் சுற்றியதும், "இது நல்லாத்தான் இருக்கு சார், மதர்போர்டுதான் போச்சு." அப்படி நம்பி, பழுதில்லாத மதர்போர்டுக்கு மாற்று வாங்கியவர்களில் நானும் ஒருவன்.

பச்சை வயர் (எல்லாமே கறுப்பாக வரும் புது பெட்டிகளில் 16ஆவது முனை) 'எழுந்திரு' என்று சொல்லும் வயர், அவ்வளவுதான். எழுந்தது சுமை தாங்குமா என்பது வேறு கேள்வி. வண்டியில் பூட்டாத மாட்டை நடக்கவிட்டு யாராவது பலம் பார்ப்பார்களா? எல்லாவற்றையும் மாட்டி, கனமான கேம் ஒன்றை ஓடவிட்டு, சும்மா தொங்கும் நான்கு முனை மோலக்ஸ் கனெக்டரில் மல்டிமீட்டரை வையுங்கள். மஞ்சளில் 11.4 முதல் 12.6 வோல்ட், சிவப்பில் 4.75 முதல் 5.25 வோல்ட் இருக்க வேண்டும். ஏ.டி.எக்ஸ். விதி தரும் சலுகை 5 சதவீதம். சும்மா இருக்கும்போது 12, கேம் ஓடும்போது 11.2 என்றால் குற்றவாளி அகப்பட்டான்.

அளவு சரியாக வந்தாலும் முழு விடுதலை கொடுத்துவிடாதீர்கள். மீட்டர் காட்டுவது சராசரியை. கப்பாசிட்டர் கிழடாகிவிட்டால் அந்த 12 வோல்ட்டின் மேல் நுண்ணிய அலை ஏறும். அதைப் பார்க்க ஆசிலோஸ்கோப் வேண்டும். நமக்குக் கைகொடுப்பது, நன்றாக ஓடும் இன்னொரு பெட்டியை இரவல் வாங்கி இரண்டு நாள் மாட்டிப் பார்ப்பதுதான்.

"மதர்போர்டில் லைட் எரியுதே, கரண்ட் வருது" என்பது அடுத்தது. கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் ஊதா வயரில் 5 வோல்ட் வந்துகொண்டே இருக்கும். அதற்குத் தனிச் சின்ன சர்க்யூட். பெரியது செத்தாலும் அந்த லைட் எரியும்.

வாட் கூடினால் கரண்ட் பில் கூடும் என்பதும் தப்பு. பெட்டியில் எழுதியிருக்கும் 650 என்பது அது கொடுக்க முடிந்த உச்சம். இழுப்பது உங்கள் கம்ப்யூட்டரின் தேவையைத்தான்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டால் பெட்டியைத் திறக்கலாம் என்ற தைரியம் மட்டும் வேண்டாம். நம் 230 வோல்ட், உள்ளே டி.சி. ஆகும்போது சுமார் 325 ஆகிறது. பல பெட்டிகளில் 380க்கும் மேல். அதைச் சேமித்த பெரிய கப்பாசிட்டர், பிளக்கை எடுத்த பிறகும் அடிக்கும்.

இரவல் பெட்டி என்றேனே, கேபிள்களைக் கழற்றி மாட்டும் வகையாக இருந்தால் அவற்றையும் சேர்த்தே கேளுங்கள். பெட்டிப் பக்க முனைகளின் வரிசைக்குப் பொது விதி இல்லை. பழைய கேபிள் இதிலும் கச்சிதமாகப் பொருந்தும்; 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 போய், ஹார்டு டிஸ்க் கருகும்.