கார்த்திகைப்பூ: வேலிக்கு அழகு, கிழங்கில் கவனம்

மாரி மழை தொடங்கியதும் வேலியோரங்களிலும் பற்றைகளிலும் முளைத்து, கார்த்திகையில் பூக்கும் கொடியை நாம் எல்லோரும் அறிவோம். மஞ்சளாக விரிந்து சிவப்பாக மாறும் அதன் ஆறு இதழ்களும் வேலிக்குத் தனி அழகு. புதிதாகக் குடியேறிய வளவிலும் இதைச் செலவின்றி வளர்க்கலாம். ஆனால் இதன் கிழங்கு கொடிய நஞ்சு. ஆகவே வளர்க்கும் முறையையும் பாதுகாப்பையும் சேர்த்தே படிப்போம்.

கொடியின் இயல்பு

மாரி முடிந்தபின் இலையும் தண்டும் காய்ந்து விழும். கொடி பட்டுவிட்டது என்று நினைப்போம். ஆனால் கிழங்கு மண்ணுக்குள் உறங்கி, அடுத்த மாரியில் மீண்டும் முளைக்கும்.

நடும் முறை

மழைக்கு முன், நீர் தேங்காத இடத்தில் கிழங்கை நான்கு விரற்கடை ஆழத்தில் படுக்கையாக வையுங்கள். கிழங்கின் நுனியில்தான் முளை உண்டு. அது முறிந்தால் முளைக்காது. இலை நுனியே சுருண்டு பற்றிக்கொள்ளும். ஆதலால் தடித்த கப்பு உதவாது. மெல்லிய தடிகளை ஊன்றுங்கள். விதையிலிருந்து வளர்த்தால் பூக்கச் சில வருடங்கள் செல்லும்.

ஆபத்து எங்கே?

கொடியின் எல்லாப் பாகங்களிலும் கொல்சிசின் என்னும் நஞ்சு உண்டு. கிழங்கிலும் விதையிலும் அதிகம். அவித்தாலும் நஞ்சு போகாது. வற்றாளை, வள்ளி என எண்ணி உண்டு இறந்தவர்கள் நமது நாட்டில் உள்ளனர். ஆளில்லாது கிடந்த வளவைக் கோடையில் கொத்தும்போது மேலே கொடி தெரியாது. கிழங்கு மட்டுமே கைக்கு வரும். கலப்பை போல் வளைந்து இரு கிளையாக இருந்தால் சந்தேகியுங்கள். நீங்கள் நடாத எந்தக் கிழங்கையும் அடுப்பில் வைக்காதீர்கள்.

நாம் செய்ய வேண்டியவை

1. கிழங்குப் பயிர்ப் பாத்திக்கு அருகில் இதை நடவேண்டாம்.
2. நட்ட இடத்தைக் கல் வைத்து அடையாளப்படுத்துங்கள்.
3. கிழங்கைத் தொட்டபின் சவர்க்காரமிட்டுக் கை கழுவுங்கள்.
4. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் பற்றையில் பூப்பதைப் பார்த்து மகிழ்வதே போதும்.
5. யாராவது உண்டுவிட்டால் வாந்தி வரும்வரை காத்திராமல், மிஞ்சிய கிழங்கையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். சில மணி நேரத்தின் பின்னரே வாந்தியும் வயிற்றோட்டமும் தொடங்கலாம்.

இன்றே பிள்ளைகளை வேலியோரம் அழைத்துச் சென்று, பூவையும் அது உறங்கும் இடத்தையும் காட்டிக் கொடுப்போம்.