முதலில் ஒரு வருடம் ஓசூர்

அன்புள்ள கயலுக்கு,

உங்கம்மா ராத்திரி போன் செய்தாள். நீ சரியாகச் சாப்பிடுவதில்லையாம், கேட்டால் எரிந்து விழுகிறாயாம், பகலிலும் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறாயாம். நான் போனில் பேசினால் ‘சரி பெரியம்மா, சரி பெரியம்மா’ என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். கோபம் வந்தால் மடித்து வைத்துவிட்டு நாளைக்கு மீதியைப் படி, கண்ணு. கிழித்து மட்டும் போடாதே.

உன் முன்னால் மூன்று வழி இருப்பதாக அம்மா சொன்னாள். இங்கிலாந்தில் ஒரு வருட எம்.எஸ்சி., அப்பா சொல்லும் அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வு, ஓசூர் கம்பெனியில் ஒரு வருட அப்ரென்டிஸ். முடிவு உன்னுடையதுதான். நான் எதையும் உன்மேல் திணிக்கப்போவதில்லை. இத்தனை வருடம் வங்கியில் கடன் பிரிவில் உட்கார்ந்தவள் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

முதலில் ஒன்றை மனதில் வாங்கிக்கொள். போன வருடம் மே மாதம் படிப்பை முடித்துவிட்டு இன்னும் வீட்டில் இருக்கிறாயே, அதில் உன் குறை எதுவும் இல்லை. கேம்பஸில் ஆஃபர் லெட்டர் கொடுத்தார்கள், சேரும் தேதியை மட்டும் கொடுக்கவே இல்லை. அரியர் ஒன்றுகூட இல்லாமல் படித்த பெண்ணுக்கு இது நடந்திருக்கிறது என்றால் தப்பு யாருடையது? அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் 2023-இல் வேலைவாய்ப்பு பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. வேலை செய்பவர்களையும் தேடுபவர்களையும் சேர்த்துக் கணக்கெடுத்தால், 25 வயதுக்குட்பட்ட பட்டதாரிகளில் 42 சதவீதம் பேர் வேலையில்லாமல் இருந்தார்கள். அதே கணக்கு 35 வயதைத் தாண்டிய பட்டதாரிகளிடம் 5 சதவீதத்துக்கும் கீழே வந்துவிடுகிறது. ஆக, வேலை தேடுபவர்களில் பெரும்பாலோர் கடைசி வரைக்கும் சும்மா இருப்பதில்லை. நடுவில் போகும் வருடங்கள்தான் ஆளைத் தின்கின்றன. அந்த வருடங்களை எங்கே, என்ன செய்து கழித்தோம் என்பதைப் பொறுத்துத்தான் பிறகு கிடைக்கிற வேலையும்.

நம் ஊரில் இது இன்னும் அதிகமாகத் தெரிவதற்குக் காரணம் உண்டு. 2021-22 கணக்குப்படி தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம்; நாடு முழுவதற்கும் 28 சொச்சம்தான். இத்தனை பிள்ளைகளைப் படிக்கவைத்தது பெருமைதான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சாஃப்ட்வேர் கம்பெனிகள் புதிதாக எடுக்கும் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் வருடச் சம்பளம் பத்துப் பதினைந்து வருடமாக மூன்று, மூன்றரை லட்சத்திலேயே நிற்கிறது. ஆள் ஏராளமாக வாசலில் நின்றால் எவன் சம்பளத்தைக் கூட்டுவான்?

இப்போது பிரபு அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். உனக்குத் தெரிந்ததுதான், பெருந்துறைக் கல்யாணத்தில் நடந்ததையும் நீ பார்த்தாய். ஆனால் அதன் ஆரம்பம் உனக்குத் தெரியாது, அப்போது நீ பள்ளிக்கூடத்துப் பிள்ளை. 2009-இல் அவன் பி.இ. முடித்தபோது உலகம் முழுக்க மந்தம். கம்பெனிகள் ஆள் எடுக்கவில்லை. தெரிந்தவர் ஒருவர் வீட்டுக்கு வந்து, ‘பையன் சும்மா இருந்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், எம்.இ. போட்டுவிடுங்கள்’ என்றார். ஊரே அதைத்தான் சொன்னது. அவனுக்கு அந்தப் பாடத்தில் பெரிய ஆசை கிடையாது. ‘என்ன செய்கிறாய்’ என்று கேட்டால் சொல்வதற்கு ஒரு பதில் வேண்டியிருந்தது, சேர்ந்தான். முடித்ததும் ஒரு பொறியியல் கல்லூரியில் விரிவுரையாளர் ஆனான். தெருவுக்கு ஒரு கல்லூரி திறந்த காலம் அது, எம்.இ. என்றாலே கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். சேரும் அன்றைக்கே பத்தாம் வகுப்பு முதல் எம்.இ. வரை ஒரிஜினல் சர்டிஃபிகேட் அத்தனையையும் வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டார்கள்.

அப்புறம் மாணவர் சேர்க்கை குறைந்தது. சம்பளம் பாதியானது, அதுவும் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. பையன் சும்மா இருக்கவில்லை கயல், வேறு வேலை தேடினான். நல்ல இடம் ஒன்று கிடைத்தது. சேரும்போது ஒரிஜினலைக் காட்ட வேண்டும் என்றார்கள். கல்லூரிக்காரர்கள் கொடுத்தால்தானே? மூன்று மாதச் சம்பளத்தைக் கட்டு என்றார்கள், கல்லூரி முதல்வர் ஊரில் இல்லை என்றார்கள், செயலாளரைப் பார் என்றார்கள். அந்த இடம் போயேவிட்டது. கல்யாணத்தில் அந்தச் செயலாளரை முன்வரிசையில் உட்காரவைத்துச் சந்தனம் கொடுத்தபோது நான் எழுந்து வந்தது எதற்கு என்று உங்கம்மா என்னிடம் சண்டைக்கு வந்தாள். அதற்காகத்தான். இன்றைக்கு நடந்தாலும் எழுந்துதான் வருவேன்.

இவ்வளவையும் சொல்வது, ஆசையில்லாமல், காலியாக இருக்கும் இடத்தை நிரப்புவதற்காகச் சேரும் மேல்படிப்பைக் கண்டால் எனக்கு வயிறு கலங்குகிறது என்பதற்காக. படிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். எதைப் படிக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போய்ப் படி என்கிறேன்.

நீ போக நினைக்கும் எம்.எஸ்சி.யில் என்னென்ன பாடம் என்று அம்மாவிடம் கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை, அது சரி. உன்னிடம் கேட்டாளாம், நீயும் ‘ஏஜென்ட் அனுப்புவார்’ என்றாயாம். எனக்குத் தூக்கம் போனது அங்கேதான்.

கடனைக் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறாயா? செலவு என்று ஏஜென்ட் சொன்ன 25 லட்சத்தையே வைத்துக்கொள்வோம். கல்விக் கடனில் ஏழரை லட்சம் வரைக்கும்தான் பொதுவாக ஈடு கேட்க மாட்டார்கள். அதற்குமேல் போனால் சொத்து வைக்க வேண்டும். ராசிபுரம் வீட்டைத்தான் வைக்கப்போகிறார்கள். அப்புச்சி ஜவ்வரிசி மில்லில் கணக்கெழுதிக் கட்டிய வீடு அது. படிப்புக் காலமும் அதன்பின் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள், உண்மைதான். ஆனால் வட்டி நிற்காது. 10 சதவீதம் என்றால் வருடத்துக்கு இரண்டரை லட்சம். இரண்டு வருடத்தில் கடன் 30 லட்சம் ஆகிவிடும். அதைப் பத்து வருடத்தில் அடைக்க மாதம் கிட்டத்தட்ட 40,000 ரூபாய் கட்ட வேண்டும். என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்த எத்தனையோ அப்பாக்களிடம் இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டியிருக்கிறேன். பிள்ளை அனுப்பிவிடுவான் மேடம் என்பார்கள். அனுப்பின பிள்ளைகளும் உண்டு, மறைக்க மாட்டேன். அவர்களில் நிறையப் பேர் இங்கே ஒரு வேலையைப் பார்த்துவிட்டு, தனக்கு எது வேண்டும் என்று தெரிந்து போனவர்கள்.

இன்னொன்று. படிப்பு முடிந்ததும் அங்கே தங்கி வேலை தேட இரண்டு வருடம் கிடைக்கும் என்று ஏஜென்ட் சொன்னாராமே? 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கிறவர்களுக்கு அது 18 மாதம்தான். இந்தச் செப்டம்பரில் போனால் நீ முடிப்பது 2027-இல். அதற்குப் பிறகும் இருக்க வேண்டும் என்றால் விசாவுக்குப் பொறுப்பேற்கும் கம்பெனி வேண்டும், சம்பளத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. பொதுவாக வருடத்துக்கு 41,700 பவுண்டு, புதிதாகப் படித்து வருபவர்களுக்கு 33,400. வேலை அனுபவம் ஒரு நாள்கூட இல்லாத பிள்ளைக்கு எந்தக் கம்பெனி இத்தனையும் செய்யும்? இதையெல்லாம் ஏஜென்ட் உனக்கு விளக்கிச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை என்றால் ஏன் சொல்லவில்லை என்று நீயே அவரிடம் கேள்.

குரூப் 4 பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். 2024-இல் 6,244 இடத்துக்கு அறிவிப்பு வந்தது. பிறகு இடங்களைக் கூட்டினார்கள். விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கு மேல். எழுத வேண்டும் என்றால் எழுது, பொது அறிவு வளரும். அதற்காக வேறு எதுவும் செய்யாமல் வீட்டில் உட்கார்ந்து வயதைக் கழிக்காதே. உங்கப்பாவிடம் இதை நானே பேசிக்கொள்கிறேன்.

ஓசூரில் மாதம் 13,000 தான் என்று நீ முகத்தைச் சுளித்தாயாம். ‘பி.இ. படித்தது இதற்கா’ என்றாயாம். கண்ணு, இந்த அப்ரென்டிஸ் யாரோ கன்சல்டன்சிக்காரன் பணம் வாங்கிக்கொண்டு கொடுப்பது இல்லை. 1961-ஆம் வருடச் சட்டத்தின்கீழ் வருவது, பட்டதாரிகளையும் பிறகு அதில் சேர்த்தார்கள். தென் மாநிலங்களுக்கான வாரியம் சென்னையில் தரமணியில் இருக்கிறது. பட்டதாரிக்குக் குறைந்தது 9,000 கொடுக்க வேண்டும் என்று 2019-இல் விதி வந்தது, அந்தக் குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்றுக்கொள்கிறது. உனக்கு அதற்குமேல் தருகிறார்கள், பஸ்ஸும் கேண்டீனும் வேறு. முடிவில் இந்திய அரசின் சான்றிதழ் கிடைக்கும். வருடம் முடிந்ததும் உன்னை எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கம்பெனிக்கு இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். எடுக்கவில்லை என்றாலும் அடுத்த இன்டர்வியூவில் நீ ஃப்ரெஷர் வரிசையின் கடைசியில் நிற்க மாட்டாய்.

நீ படித்தது இ.சி.இ. அந்தக் கம்பெனியில் நடப்பதும் அதுதான்; சர்க்யூட் போர்டில் சால்டர் பேஸ்ட் பூசுவதும், சிறு சிறு பாகங்களை மெஷின் எடுத்து வைப்பதும், ரீஃப்ளோ அடுப்புக்குள் போய் வருவதும், பழுதைக் கேமரா பிடிப்பதும் நீ புத்தகத்தில் பார்த்தவை. லைனில் ஒரு நாள் நூறு போர்டு பழுதாக வந்தால் ஏன் என்று கண்டுபிடிக்கும் ஆளுக்குத்தான் அங்கே மதிப்பு. பேஸ்ட் குளிர்பெட்டியிலிருந்து எப்போது வெளியே வந்தது, அடுப்பில் எந்தப் பகுதியில் சூடு குறைந்தது, போன ஷிஃப்டில் யார் எதை மாற்றினார்கள் என்று தேடிப்போக வேண்டும். வண்டி ஓட்டக் கற்றுக்கொள்வதைப் போல அதையும் இறங்கித்தான் பழக வேண்டும். அங்கே ஒரு வருடம் நின்றால் டெஸ்டிங் பிடிக்கிறதா, டிசைன் பிடிக்கிறதா, இந்தத் துறையே வேண்டாமா என்று உனக்கே தெரிந்துவிடும். அப்புறம் எந்த எம்.எஸ்சி. என்ற கேள்விக்கு ஏஜென்ட் எதற்கு?

படிப்பு எங்கும் ஓடிப்போகாது. கேட் தேர்வை ஓசூரில் இருந்துகொண்டே எழுதலாம். வாங்கிய மதிப்பெண் மூன்று வருடம் செல்லும். அதை வைத்து எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 உதவித்தொகை கொடுத்துப் படிக்கவைக்கிறார்கள். வெளிநாடுதான் ஆசை என்றால் ஜெர்மனியைப் பார். அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது. ஒரு வருடச் செலவுக்கு 11,904 யூரோவை முன்கூட்டியே கணக்கில் போட்டுக் காட்டச் சொல்கிறார்கள். அதுவும் சின்னப் பணம் இல்லை, ஆனால் ராசிபுரம் வீட்டைக் கேட்காது. அதில் ஒரு பங்கை நானே போடுகிறேன், உங்கப்பாவுக்கு இப்போதே சொல்ல வேண்டாம்.

ஒன்றை மட்டும் எனக்குச் சத்தியம் செய்து கொடு. ஓசூரோ, வேறு எதுவோ, எங்கே சேர்ந்தாலும் ஒரிஜினல் சர்டிஃபிகேட்டைக் காட்டு, சரிபார்த்ததும் கையோடு வாங்கிக்கொண்டு வா. நகல் கொடு. வைத்துவிட்டுப் போ என்று யார் சொன்னாலும், எவ்வளவு பெரிய இடமாக இருந்தாலும், எழுந்து வெளியே வந்து எனக்குப் போன் செய். வேலை போனால் போகட்டும்.

படித்துப் பார்த்தால் நானே பேசிக்கொண்டு போயிருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே தங்கம். இத்தனையும் கேட்டபிறகும் லண்டன்தான் என்று உன் மனது சொன்னால், பாடத்திட்டத்தையும் கல்லூரிப் பேரையும் எடுத்துக்கொண்டு இங்கே வா. நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து பார்ப்போம். நல்ல இடம் என்றால் வங்கிக்கு நானே கூட வருகிறேன், விமான நிலையத்துக்கும் வருகிறேன், முறுக்கும் பருப்புப்பொடியும் கட்டிக் கொடுக்கிறேன். நீ எங்கே போனாலும் நம் வீட்டில் முதன்முதலாக இ.சி.இ. படித்த பெண் நீதான். பக்கத்து வீட்டு டீச்சரிடம் உன்னைப் பற்றிச் சொல்லாத நாள் இல்லை.

உன் கணக்கில் 5,000 போட்டிருக்கிறேன். ஓசூரில் குளிர் அதிகம், ஒரு நல்ல ஸ்வெட்டர் வாங்கிக்கொள். ஷாப் ஃப்ளோருக்கு சேஃப்டி ஷூ கம்பெனியிலேயே கொடுப்பார்கள், நடப்பதற்கு வேறு ஒரு ஜோடி எடுத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை தலைக்கு எண்ணெய் வைத்துக் குளி. அம்மாவிடம் எரிந்து விழாதே, அவளுக்கு உன்னை விட்டால் யார்? இன்றைக்கு ராத்திரி வயிறாரச் சாப்பிட்டுவிட்டு எனக்குப் போன் செய். ஓசூரைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேச மாட்டேன், நீ பேசினால் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
பெரியம்மா