ஊரின் காற்றும் நீரும் நம் உடலும்

ஒரே மருந்து ஒருவருக்கு ஒரு வாரத்தில் பலன் தருகிறது. மற்றொருவருக்கு மாதக்கணக்கில் உட்கொண்டும் இருமல் தணிவதில்லை. மருந்து சரியானதாகவே இருக்கலாம். வீடு திரும்பியவர் மீண்டும் அதே தூசியையும் புகையையும் சுவாசித்துக்கொண்டிருக்கலாம். ஆகவேதான் நோயைப் பற்றிக் கேட்கும்போது, எங்கு வசிக்கிறீர்கள், என்ன தொழில் செய்கிறீர்கள் என்றும் நாங்கள் கேட்கிறோம்.

நமது பகுதி மழை குறைந்த வறண்ட பூமி. பட்டாசு, தீப்பெட்டித் தொழில்கள் சிவகாசியைச் சுற்றி வளர இவ்வறட்சி துணைபுரிந்தது. அதே வறட்சி தூசியையும் எளிதில் அடங்கவிடுவதில்லை. வேலைக்குச் சென்று திரும்புவோரின் உடையோடு அத்தூசி சிற்றூர் வீடுகளுக்குள்ளும் நுழைகிறது.

காற்று

தலைமுடியின் பருமன் ஏறத்தாழ 50 முதல் 70 மைக்ரான். 2.5 மைக்ரானுக்கும் குறைந்த நுண்துகள்களை மூக்கால் முழுமையாகத் தடுக்க இயலாது. அவை நுரையீரலின் காற்றறைகள் வரை செல்கின்றன. ஒரு பகுதி இரத்தத்திலும் கலக்கிறது. எனவே ஆஸ்துமா மட்டுமன்றி மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றின் அபாயமும் கூடுகிறது. ஒரு கன மீட்டர் காற்றில் இத்துகள்களின் ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் அறிவுறுத்தியது. இந்தியாவின் வரம்பு 40. வாகனப் புகை, குப்பை எரிப்பு, விறகடுப்பு அனைத்தும் இக்கணக்கில் சேரும்.

கந்தகம் எரியும்போது எழும் வாயு மூச்சுக்குழாயைச் சுருக்குகிறது. பேரியம் உப்பு வாய்வழியே உடலில் சேர்ந்தால் இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து, தசை தளரும். இதயத் துடிப்பும் பிறழும். பட்டாசில் பேரியம் உப்புகளைப் பயன்படுத்த உச்ச நீதிமன்றம் 2018இல் தடை விதித்தது.

வெப்பம்

கான்கிரீட் கூரையும் தார்ச்சாலையும் பகலில் வாங்கிய வெயிலை இரவில் வெளிவிடுகின்றன. தகரக் கூரையின் கீழ் பகல் பொழுது கடுமையானது. முதியோர், இதய நோயாளிகள், சிறுநீரக நோயாளிகள் இதனால் விரைவில் தளர்வர். சிறுநீரை அதிகம் பிரியச் செய்யும் மாத்திரை உட்கொள்வோர், கோடையில் எவ்வளவு நீர் அருந்தலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

நீர்

அர்ச்சுனா நதியின் குறுக்கே அமைந்த ஆனைக்குட்டம் நீர்த்தேக்கம் விருதுநகருக்குக் குடிநீர் தரும் ஆதாரங்களுள் ஒன்று. ஆற்றில் கலப்பது எதுவோ, அது ஒருநாள் நம் குடத்தையும் வந்தடையும். நீரைக் கொதிக்க வைத்தால் கிருமிகள் அழியும். உப்பும் இரசாயனமும் நீங்கா. சேமித்த நீரை மூடி வையுங்கள். டெங்குவைப் பரப்பும் கொசு முட்டையிலிருந்து வளர ஒரு வாரமளவே போதும். ஆகவே தொட்டியையும் டிரம்மையும் வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியவை

• பட்டாசு வேலையிலிருந்து திரும்புவோர் உடையை உதறாமல் களைந்து, தனியே துவைக்கவும். அவ்வுடையுடன் அடுப்பருகே செல்வது தீ விபத்தில் முடியக்கூடும்.

• உணவுக்கு முன் கைகளைச் சோப்பிட்டுக் கழுவவும். குளித்த பின்னரே குழந்தையைத் தூக்கவும்.

• பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடைப்பது நல்லது.

• குப்பையை எரிக்க வேண்டாம். விறகடுப்பு எரியும் இடத்தில் நோயாளியையும் குழந்தையையும் அமர்த்த வேண்டாம்.

• ஆஸ்துமா உள்ளவர் இன்ஹேலரைப் பணியிடத்திற்கும் எடுத்துச் செல்லவும். சற்றுச் சுகம் கண்டதும் தாமாக நிறுத்திவிட வேண்டாம்.

எப்போது மருத்துவமனைக்கு வர வேண்டும்?

இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் நீடித்தால், தூசி என்று எண்ணி ஒதுக்கிவிடாமல் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அது காசநோயாகவும் இருக்கலாம். அமர்ந்திருக்கும்போதே மூச்சுத்திணறல், நெஞ்சு வலி, உதடு நீலமாதல், வெயிலில் நினைவு தடுமாறுதல் ஆகியவை கண்டால் தாமதியாமல் 108ஐ அழையுங்கள்.

ஊரின் காற்றையும் நீரையும் ஒரு குடும்பம் தனித்து மாற்றிவிட இயலாது. ஆயினும் வாசலைத் தாண்டி உள்ளே வருவதை ஓரளவு குறைக்க இயலும். அடுத்த முறை வரும்போது மருந்துச் சீட்டுடன் உங்கள் தொழில், அடுப்பு, கூரை, குடிநீர் ஆகியவற்றைப் பற்றியும் கூறுங்கள். சிகிச்சையைத் தீர்மானிக்க அவையும் எங்களுக்குத் தேவை.