ஆர்டருக்குத் தேதி சொல்வதற்கு முன் ஒரு கணக்கு

திருப்பூரில் சின்னதாக ஒரு தையல் யூனிட் நடத்துகிறீர்கள். "10,000 டி-ஷர்ட், எத்தனை நாள்ல தருவீங்க?" என்று போன் வருகிறது. ஆர்டர் கைவிட்டுப் போயிடுமோ என்ற பயத்தில் வாய்க்கு வந்த தேதியைச் சொல்லிவிடுகிறீர்கள். அப்புறம் ராத்திரி வேலை, அவசரத் தையல், திரும்பி வரும் பீஸ், பில்லில் பிடித்தம். இதைத் தவிர்க்க ஒரு சின்னக் கணக்கு போதும்.

ஒரு உதாரணம் பார்ப்போம். உங்களிடம் 4 ஓவர்லாக் மெஷின். நாளுக்கு 1,200 பீஸ் ஓடும். 2 ஃபிளாட்லாக், நாளுக்கு 700 பீஸ். ஓவர்லாக்கைப் பார்த்து "9 நாள்" என்று சொல்லத் தோன்றும். ஆனால் ஓரம் மடித்துத் தைக்க எல்லா பீஸும் ஃபிளாட்லாக்குக்குத்தானே போகணும்? எனவே உங்கள் யூனிட்டின் உண்மையான திறன் 700 பீஸ்தான்.

அதுவும் முழுசாகக் கிடைக்காது. கரண்ட் போகும், ஆள் லீவு போடுவார், ஊசி உடையும். 80 சதவீதம் என்று வைத்தால் 560 பீஸ். ஏற்கெனவே 2,800 பீஸ் பாக்கி இருந்தால், மொத்தம் 12,800 பீஸுக்கு 23 நாள் ஆகும்!

நாளைக் குறைக்க என்ன செய்யலாம்?

1. ஃபிளாட்லாக்குக்கு மட்டும், உரிய கூலியோடு, அரை ஷிப்ட் கூட்டுங்கள். 840 பீஸ் வரும். 16 நாளில் முடியும்.

2. ஃபிளாட்லாக் போகும் முன்பே பீஸை செக் பண்ணுங்கள். டேமேஜ் பீஸுக்கு அந்த மெஷின் நேரம் வீணாகாது.

3. ஃபிளாட்லாக் எவ்வளவு இழுக்குமோ அவ்வளவே கட்டிங் போடுங்கள். அதிகம் வெட்டினால் பண்டல்தான் குவியும், பணமும் அதில் முடங்கும்.

கடன் வாங்கி மெஷின் போடுவதாக இருந்தாலும் முதலில் இந்தக் கணக்கைப் பாருங்கள். இந்த யூனிட்டில் இன்னொரு ஓவர்லாக் வாங்கினால் தவணைதான் கூடும். ஒரு பீஸ்கூட கூடுதலாக வராது.

இன்றைக்கே உங்கள் செல்போனில் ஒவ்வொரு மெஷினிலும் எத்தனை பீஸ் ஓடுகிறது என்று குறித்து வையுங்கள். ஒரு வாரம் குறித்தாலே எங்கே தேங்குகிறது என்று தெரிந்துவிடும். அடுத்த போன் வரும்போது தைரியமாகத் தேதி சொல்லலாம்.